என்ஆர்எஃப்24 மாட்யூல் பேசவில்லை என்றால் எங்கே கை வைப்பது?

கேள்வி இதுதான்: இரண்டு ஆர்டுயினோ ஊனோ போர்டு, இரண்டிலும் எட்டு பின் கொண்ட என்ஆர்எஃப்24எல்01 மாட்யூல், அதாவது கம்பியில்லாமல் செய்தி அனுப்பி வாங்கும் சிறு ரேடியோ. அனுப்பும் பக்கத்தில் சீரியல் மானிட்டர் முழுக்க ‘தோல்வி, தோல்வி’ என்றே ஓடுகிறது. வாங்கும் பக்கத்தில் சத்தமே இல்லை. மாட்யூலை விரலால் தொட்டால் மட்டும் ஓரிரு செய்தி போய்ச் சேருகிறது. வேறு வேறு ஸ்கெட்ச் (ஆர்டுயினோ புரோகிராம்) போட்டாயிற்று, புது மாட்யூலும் மாட்டியாயிற்று. கோளாறு கோடிலா, மாட்யூலிலா?

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. மாட்யூலுக்குப் போகிற 3.3 வோல்ட்டில்தான் இருக்கும். விரல் பட்டால் உயிர் வருகிறது என்று நீங்கள் சொல்லியிருப்பதே பாதி விடை. கோட் தவறாக இருந்தால் அதற்கு உங்கள் விரல் பட்டதும் தெரியாது, படாததும் தெரியாது. தொட்டால் மாறுகிறது என்றால் ஒன்று பவர் சப்ளை விளிம்பில் தள்ளாடுகிறது, இல்லையென்றால் எங்கோ ஒரு இணைப்பு லூஸாக இருக்கிறது. இருந்தாலும் நேராக அங்கே பாய வேண்டாம். அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொண்டால் பிறகு தேடுவது சுலபம்.

இங்கே நடப்பது இரண்டு தனித்தனி உரையாடல். ஒன்று, ஆர்டுயினோவுக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் ரேடியோ சிப்புக்கும் இடையே எஸ்பிஐ எனப்படும் தொடர்பு வயர்களில் நடப்பது. மற்றொன்று, இந்தச் சிப்புக்கும் அந்தச் சிப்புக்கும் இடையே காற்றில் நடப்பது. ‘தோல்வி’ என்று வந்ததும் எல்லோரும் காற்றைத்தான் சந்தேகிக்கிறார்கள்: தூரம், சுவர், வைஃபை, ஆன்டெனா. முதல் உரையாடலே நடக்காதபோது இரண்டாவதைப் பற்றி யோசித்துப் பயனில்லை. எனவே இரண்டு போர்டையும் ஒன்றாக வைத்துத் தேடாமல், ஒவ்வொன்றாக எடுத்து முதல் உரையாடலை மட்டும் சோதியுங்கள்.

அதற்கு, இந்த மாட்யூலை இயக்க வழக்கமாகப் பயன்படும் ஆர்எஃப்24 லைப்ரரியிலேயே வழி இருக்கிறது. பிரிண்ட்டீடெய்ல்ஸ் என்ற ஃபங்ஷன் சிப்பின் ரெஜிஸ்டர்களை (செட்டிங்குகள் பதிவாகும் உள் நினைவிடங்களை) ஒவ்வொன்றாகப் படித்துத் திரையில் கொட்டும். செட்டப்பில் சீரியலைத் தொடங்கி, பிரிண்ட்எஃப்_பிகின் அழைத்து, ரேடியோவின் பிகின் முடிந்ததும் இதை ஒரு முறை அழையுங்கள். பிரிண்ட்எஃப்_பிகின் விட்டுப்போனால் ஊனோவில் அந்த விவரம் எதுவும் அச்சாகாது. அதைப் பார்த்துவிட்டு மாட்யூல் செத்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய.

போர்டை யூஎஸ்பியிலிருந்து பிடுங்கி மாட்டி, பைப் (ஒரு முகவரிக்கு வரும் செய்தியைக் கேட்கும் வழி) எதையும் திறக்காமல் அழைத்தால், முகவரி வரிகளில் ஈ7 என்பது ஐந்து முறையும் சி2 என்பது ஐந்து முறையும் வர வேண்டும். அவை சிப் பிறக்கும்போதே கொண்டுவரும் முகவரிகள். உங்கள் கோடிலிருந்து வந்தவை அல்ல. அவை தெரிந்தால் ஆர்டுயினோ சிப்பிடம் கேட்கிறது, சிப் பதில் சொல்கிறது என்று அர்த்தம். எல்லா வரியும் 00 என்றோ, எல்லா வரியும் எஃப்எஃப் என்றோ வந்தால் பதில் வரவே இல்லை. ஒரு தடவை சரியாகவும் அடுத்த தடவை கன்னாபின்னாவென்றும் வந்தால் ஜம்பர் வயர் ஆடுகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு அறிகுறி உண்டு. அனுப்பும் பக்கம் எதுவுமே அனுப்பாத நேரத்திலும் வாங்கும் பக்கம் ஓயாமல் பூஜ்யமாக அல்லது வெற்று வரியாக அச்சடித்துத் தள்ளுகிறதா? ஏதோ குறுக்கீடு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் சிப்பிலிருந்து ஆர்டுயினோவுக்குப் பதில் வரும் மிசோ வயரில் எப்போதும் பூஜ்யமே படிக்கிறது. ‘பெட்டி காலி’ என்று சொல்ல வேண்டிய பிட் 1 ஆக வர வேண்டும்; அதுவும் பூஜ்யமாகவே படிக்கப்படுவதால், செய்தி காத்திருக்கிறது என்று லைப்ரரி நம்பிவிடுகிறது. காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. வயரைப் பாருங்கள்.

வயரிங்கில் வழக்கமாகத் தவறுகிற இடங்கள் சில. ஊனோவில் மோசி (சிப்புக்குப் போகும் வயர்) 11, மிசோ 12, எஸ்சிகே (கடிகாரத் துடிப்பு) 13. ஆர்டுயினோ மெகா போர்டில் அதே வேலைகள் 51, 50, 52 ஆகிய பின்களுக்குப் போய்விடும். ஊனோவுக்கான படத்தைப் பார்த்து மெகாவில் மாட்டினால் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் வராது. மாட்யூலின் கட்டுப்பாட்டுப் பின்களான சிஇ, சிஎஸ்என் இரண்டையும் எந்த டிஜிட்டல் பின்னிலும் போடலாம், ஆனால் கோடில் முதலில் சிஇ, அடுத்து சிஎஸ்என் என்ற வரிசையில்தான் எண்களைக் கொடுக்க வேண்டும். ஐஆர்க்யூ பின்னைச் சும்மா விட்டுவிடலாம். மோசியை மோசிக்கும் மிசோவை மிசோவுக்கும் கொடுங்கள். சீரியல் இணைப்பில் குறுக்காக மாற்றிப் பழகிய கை இங்கேயும் மாற்றிவிடும்.

பின்களின் வரிசையைப் பொறுத்தவரை, படம் மாட்யூலை மேலிருந்து காட்டுகிறதா கீழிருந்து காட்டுகிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். எட்டு பின்னும் நான்கு நான்காக இரண்டு வரிசையில் இருப்பதால், திருப்பிப் பார்த்தால் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். கிரவுண்டும் விசிசியும் (மின்சாரம் உள்ளே போகும் பின்) பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, அவை இடம் மாறினால் சிப் சூடாகும், பிறகு பிழைப்பது சந்தேகம். அப்புறம், இந்த எட்டு பின் மாட்யூலை நேராக பிரெட்போர்டில் குத்தாதீர்கள். பிரெட்போர்டில் ஒரே வரிசையில் உள்ள ஐந்து துளைகளும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. குத்தினால் மாட்யூலின் பின்கள் ஜோடி ஜோடியாக ஷார்ட் ஆகும். அதில் முதல் ஜோடியே கிரவுண்டும் விசிசியும்தான்.

விசிசிக்கு 5 வோல்ட் கொடுக்கவே கூடாது. சிப்பின் வரம்பு 1.9 முதல் 3.6 வோல்ட் வரை. சிக்னல் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கும் என்பதால் ஊனோவிலிருந்து வரும் எஸ்பிஐ வயர்களுக்கு லெவல் மாற்றி எதுவும் வேண்டாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘5 வோல்ட் தாங்குமாம்’ என்று விசிசியிலேயே மாட்டிவிடுகிறார்கள்.

எஸ்பிஐ பக்கம் சரியாகிவிட்டது, ரெஜிஸ்டர்கள் ஒழுங்காகத் தெரிகின்றன, ஆனாலும் ‘தோல்வி’ போகவில்லை என்றால் இப்போது பவருக்கு வாருங்கள். நீங்கள் சொன்ன அறிகுறிக்கு நான் பந்தயம் கட்டுவது இங்கேதான்.

ரெஜிஸ்டர் சரியாகப் படிக்கிறது என்பதால் பவரும் சரி என்று ஆகாது. காத்திருக்கும் நிலையில் இந்தச் சிப் இழுப்பது சுமார் 26 மைக்ரோஆம்பியர். அந்த அளவுக்கு எந்த நோஞ்சான் சப்ளையும் ஈடுகொடுக்கும். அனுப்பத் தொடங்கியதும் முழு சக்தியில் 11.3 மில்லிஆம்பியர், 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 20 லட்சம் பிட்) வேகத்தில் கேட்கும்போது 13.5 மில்லிஆம்பியர். எண்ணாகப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பல நூறு மடங்குக்குத் திடீரென்று எகிறுகிறது. நீளமான மெல்லிய ஜம்பர் வயர், தளர்ந்த பிரெட்போர்டு துளை, போர்டில் இருக்கும் சிறிய ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து அந்த எகிறலுக்கு உடனே ஈடுகொடுக்க முடியாமல் வோல்ட்டேஜ் ஒரு கணம் சரிகிறது. அந்தக் கணத்தில்தான் சிப் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக 3.3 காட்டுகிறது என்பீர்கள். காட்டத்தான் செய்யும். 32 பைட் செய்தி ஒன்று 1 எம்பிபிஎஸ் வேகத்தில் முகவரி, சரிபார்ப்பு பைட் எல்லாம் சேர்த்துக் காற்றில் இருக்கும் நேரம் ஒரு மில்லிசெகண்டில் மூன்றில் ஒரு பங்குதான். மல்டிமீட்டர் ஒரு விநாடிக்குள் சில தடவைதான் புதிய எண்ணைக் காட்டும். இடையில் வரும் சரிவை அது சராசரியில் கரைத்துவிடும். வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் விசிசியில் வைத்துப் பாருங்கள், அனுப்பும்போதெல்லாம் பள்ளம் விழுவது கண்ணுக்குத் தெரியும். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள் அளந்து மெனக்கெடாமல் நேராக மருந்தைப் போட்டுவிடலாம், அதற்கு ஆகும் செலவு அற்பம்.

மருந்து ஒரு கெப்பாசிட்டர். 10 மைக்ரோஃபாரட் முதல் 100 மைக்ரோஃபாரட் வரை கையில் எது இருக்கிறதோ அதை மாட்யூலின் விசிசிக்கும் கிரவுண்டுக்கும் இடையே போடுங்கள். பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. எலக்ட்ரோலிட்டிக் என்றால் பட்டை அடித்த பக்கம் கிரவுண்டுக்கு. எங்கே போடுகிறோம் என்பதுதான் முக்கியம்: ஊனோவின் 3.3 வோல்ட் பின்னுக்குப் பக்கத்தில் பிரெட்போர்டில் குத்தி வைத்தால் பாதிப் பயன்தான், ஏனென்றால் அதற்கும் மாட்யூலுக்கும் நடுவே அதே ஜம்பர் வயர் இருக்கிறது. வீட்டில் குழாய் அழுத்தம் குறைவென்றால் தொட்டியை மாடியில் வைப்போமே தவிர, தெருக்கோடியில் வைக்க மாட்டோம் அல்லவா? கெப்பாசிட்டரின் கால்களைக் குட்டையாக நறுக்கி, மாட்யூலின் அடியில் விசிசி, கிரவுண்ட் இரண்டு பின்னிலும் நேராகப் பற்றவைத்துவிடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பின் என்பதால் சிரமமே இல்லை.

இதை இரண்டு பக்கமும் செய்யுங்கள். ‘வாங்கும் பக்கம் கேட்க மட்டும்தானே செய்கிறது, அதற்கு எதற்கு?’ என்று விட்டுவிடுவார்கள். ஆட்டோ-அக் (தானியங்கி ஒப்புகை) இயங்கும்போது வாங்கும் பக்கம் ஒவ்வொரு செய்திக்கும் ‘கிடைத்தது’ என்று திருப்பி அனுப்புகிறது, எனவே அதுவும் டிரான்ஸ்மிட்டர்தான். வாங்கும் பக்கத்தில் செய்தி ஒழுங்காக அச்சாகிறது, அனுப்பும் பக்கம் மட்டும் ‘தோல்வி’ என்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வாங்கும் பக்கத்து சப்ளையை. ரைட் ஃபங்ஷன் ‘வெற்றி’ என்று சொல்வது செய்தி போனதற்காக அல்ல, பதில் திரும்பி வந்ததற்காக.

நீளமான ஆன்டெனாவும் கூடுதல் பெருக்கியும் கொண்ட பெரிய மாட்யூல் வைத்திருப்பவர்களுக்குக் கெப்பாசிட்டர் மட்டும் போதாது. அது அனுப்பும்போது நூறு மில்லிஆம்பியரைத் தாண்டி இழுக்கும். ஊனோவின் 3.3 வோல்ட் பின்னுக்கு 50 மில்லிஆம்பியர்தான் வரம்பு. நானோ வகைப் போர்டுகளில் அந்த 3.3 வோல்ட் யூஎஸ்பி சிப்பின் ஓரத்திலிருந்து கிடைக்கும் மிச்சம், இன்னும் மோசம். இவற்றுக்கு 3.3 வோல்ட் ரெகுலேட்டர் பொருத்திய அடாப்டர் போர்டு வாங்கி 5 வோல்ட்டிலிருந்து கொடுங்கள். அடாப்டருக்குள் இருப்பது பொதுவாக ஏஎம்எஸ்1117. அதற்கு உள்ளே வரும் வோல்ட்டேஜ், வெளியே போவதைவிட ஏறத்தாழ ஒரு வோல்ட்டாவது அதிகம் இருக்க வேண்டும். ‘மாட்யூலுக்கு 3.3 தானே’ என்று அடாப்டருக்கு 3.3 கொடுத்தால் வெளியே இரண்டு வோல்ட் சொச்சம்தான் வரும். சிப் அதிலும் ரெஜிஸ்டர் காட்டும், ஆனால் அனுப்பும்போது தடுமாறலாம். தனி பவர் சப்ளை வைத்தால் அதன் கிரவுண்டை ஆர்டுயினோ கிரவுண்டோடு சேர்க்க மறக்காதீர்கள். ஆன்டெனாவைத் திருகாமல் பெரிய மாட்யூலை அனுப்ப விடவும் வேண்டாம்.

சோதிக்கும்போது இன்னொரு சங்கடம் உண்டு, இதைச் சொல்பவர்கள் குறைவு. ஆர்டுயினோவின் ரீசெட் பட்டனை அழுத்தினாலோ புது ஸ்கெட்ச் ஏற்றினாலோ ரேடியோ சிப்புக்கு மின்சாரம் நிற்பதில்லை. அது பழைய செட்டிங்குகளைப் பிடித்துக்கொண்டே இருக்கும். முந்தைய ஸ்கெட்ச்சில் வைத்த முகவரி புதிய ஸ்கெட்ச்சிலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ‘நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, கோட் அதேதான்’ என்ற புலம்பல்களில் சில இப்படிப் பிறப்பவை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் யூஎஸ்பி வயரைப் பிடுங்கி, சில விநாடி விட்டு மாட்டுங்கள்.

பவரும் சரி என்றான பிறகுதான் செட்டிங்குகள். இரண்டு பக்கமும் ஒரே சேனல், ஒரே வேகம், ஒரே முகவரி, ஒரே பேலோடு (செய்தி) அளவு, ஒரே சிஆர்சி (பிழை சரிபார்ப்பு) நீளம். ஒன்று பிசகினாலும் சிப் எந்தப் பிழையும் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். இதற்கும் பிரிண்ட்டீடெய்ல்ஸ்தான்: இரண்டு போர்டின் வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சொந்த ஸ்கெட்ச்சை ஓரம் வைத்துவிட்டு லைப்ரரியோடு வரும் கெட்டிங் ஸ்டார்ட்டட் உதாரணத்தை அப்படியே இரண்டிலும் ஏற்றிப் பார்ப்பது உத்தமம். அது ஓடினால் வயரிங் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

வேகத்தைப் பொறுத்தவரை 250 கேபிபிஎஸ் வைத்தால் வாங்கும் திறன் கூடும்: மைனஸ் 94 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, எண் கீழே போகப் போகச் சிக்னல் மெலிது) வரை கேட்கும், 2 எம்பிபிஎஸ்ஸில் மைனஸ் 82 தான். ஆனால் 250 கேபிபிஎஸ், பெயரின் இறுதியில் ப்ளஸ் குறியுள்ள (என்ஆர்எஃப்24எல்01+) சிப்புகளில் மட்டுமே உண்டு. ஒரு பக்கம் ப்ளஸ், மறுபக்கம் பழையது என்றால் அந்த வேகத்தில் இரண்டும் ஒரு நாளும் சந்திக்காது. சோதனைக்கு 1 எம்பிபிஎஸ்ஸே போதும்.

முகவரியில் ஒரு பொறி இருக்கிறது. பைப் 1-க்கு முழு ஐந்து பைட் முகவரி. பைப் 2 முதல் 5 வரை ஒரே ஒரு பைட் (பைட் வரிசையாகக் கொடுத்தால் முதலாவது) மட்டும்தான் தனி, மற்ற நான்கும் பைப் 1-இலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். ஆறு சென்சாருக்கு ஆறு முழு முகவரியைச் சம்பந்தமில்லாமல் வைத்தால் சில மட்டும் கேட்கும், சில கேட்காது. பைப் 0-ஐ அனுப்பும்போது பதில் வாங்க லைப்ரரியே எடுத்துக்கொள்ளும் என்பதால், கேட்பதற்கு 1-இலிருந்து தொடங்குங்கள். அனுப்பும் முன் ஸ்டாப்லிசனிங், கேட்கும் முன் ஸ்டார்ட்லிசனிங். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஊனோவிலிருந்து ஈஎஸ்பி32 என்ற 32 பிட் போர்டுக்கு அனுப்புபவர்களுக்குத் தனியாக ஒன்று. செய்தி வருகிறது, எண்கள் மட்டும் அபத்தமாக இருக்கின்றன என்றால் ரேடியோவைத் திட்டாதீர்கள். ஊனோவில் இன்ட் என்பது 2 பைட், ஈஎஸ்பி32-இல் 4 பைட். டபுள் ஊனோவில் 4, ஈஎஸ்பி32-இல் 8. ஒரு பைட்டும் ஒரு 32 பிட் எண்ணும் கொண்ட ஸ்ட்ரக்ட் ஊனோவில் 5 பைட், ஈஎஸ்பி32-இல் நடுவே இடைவெளி விட்டு 8 பைட். அளவு குறிப்பிட்ட வகைகளையே பயன்படுத்தி, ஸ்ட்ரக்ட்டை பேக்டு (நடுவே இடைவெளி விடாதது) என்று அறிவித்துவிடுங்கள். மொத்தம் 32 பைட்டைத் தாண்டக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வாங்கும் பக்கம் சில செய்திகளுக்குப் பிறகு அடைத்துக்கொண்டால், லூப்பில் நீண்ட டிலே போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சிப்பின் உள்ளே மூன்று செய்திக்குத்தான் இடம். யாரும் எடுக்காவிட்டால் நான்காவது வரும்போது பதில் அனுப்பாது, அனுப்பும் பக்கம் ‘தோல்வி’ என்னும்.

இனிதான் காற்று. சேனல் எண்ணோடு 2400-ஐக் கூட்டினால் மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். லைப்ரரி தானாக வைப்பது 76, அதாவது 2476. வைஃபையின் 11-ஆவது சேனல் ஏறக்குறைய 2472-இல் முடிந்துவிடுவதால் பெரும்பாலான இடங்களில் 76 மோசமில்லை. 80-ஐ விட்டுவிடுங்கள், ப்ளூடூத் லோ எனர்ஜி சாதனங்கள் தங்களை அறிவித்துக்கொள்ளும் இடங்களில் 2480 ஒன்று. 100, 110 என்று மேலே ஏற்றினால் வைஃபை தொல்லை இருக்காது என்பது உண்மைதான். ஆனால் பல நாடுகளில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பட்டை 2483.5 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. எனவே நான் அந்த யோசனையைச் சொல்வதில்லை.

மேஜையில் சோதிக்கும்போது இரண்டு மாட்யூலையும் ஒட்டி வைக்காதீர்கள். பெருக்கி உள்ள மாட்யூல் முழு சக்தியில் அருகிலிருந்து கத்தினால் வாங்கும் பக்கம் திணறிவிடும். சக்தியைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி, ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். சக்தியைக் குறைத்ததும் ஓடுகிறது, ஏற்றியதும் நிற்கிறது என்றால் அதுவும் பெரும்பாலும் பவர் சப்ளையின் கதைதான்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் வரவில்லை என்றால் மாட்யூலையே சந்தேகிக்கலாம். சந்தையில் உள்ளவற்றில் நார்டிக் நிறுவனத்தின் அசல் சிப் அல்லாத நகல்கள் ஏராளம். இரண்டு பக்கமும் ஒரே வகை நகல் என்றால் பெரும்பாலும் ஒத்துப்போகும்; ஒரு பக்கம் அசல், மறுபக்கம் நகல் என்றால் ஆட்டோ-அக்கில் இடிக்கலாம். இரண்டிலும் ஆட்டோ-அக்கை அணைத்துவிட்டு அனுப்பிப் பாருங்கள். அப்போது ரைட் எப்போதும் ‘வெற்றி’ என்றுதான் சொல்லும், அதை நம்பாமல் வாங்கும் பக்கத்துத் திரையை மட்டும் பாருங்கள்.

கடைசியாக, எந்த மாட்யூல் ஊமை என்று பிரித்தறிய ஒரு வழி. ஒரு போர்டில் லைப்ரரியோடு வரும் ஸ்கேனர் ஸ்கெட்ச்சை ஏற்றுங்கள். அது எல்லாச் சேனலையும் சுற்றி வந்து எங்கே சத்தம் இருக்கிறது என்று எண்ணிக் காட்டும். வைஃபை ரௌட்டர் பக்கத்தில் வைத்தால் சில சேனல்களில் எண்கள் குவிய வேண்டும். அது தெரிந்தால் அந்த மாட்யூலின் காது நன்றாக இருக்கிறது. மற்ற போர்டில் ஸ்டார்ட்கான்ஸ்ட்கேரியர் அழைத்து, ரௌட்டர் தொடாத ஒரு சேனலில் இடைவிடாத அலையை அனுப்ப விடுங்கள். ஸ்கேனரில் அந்த எண்ணில் மட்டும் கூராக ஒன்று எழும்பினால் அனுப்பும் பக்கமும் பிழைத்தது. எழும்பவில்லை என்றால் இரண்டு மாட்யூலையும் இடம் மாற்றி அதே சோதனையை மறுபடி செய்யுங்கள், கோளாறு எந்த மாட்யூலோடு கூடவே நகர்கிறதோ அதைக் கழற்றிவிட வேண்டியதுதான்.